டயரை மாத்திப் போடுறதுக்கு முன்னாடி அளந்துக்கோங்க: கோத்தகிரி ரோட்டுல ஓடுற ஒரு ஸ்விஃப்ட்டோட டயர் கணக்கு

என் கார்ல பின்னாடியிருந்து வந்துக்கிட்டிருந்த ஊளைச் சத்தம் ஒருவழியா முக்கால்வாசி அடங்கிடுச்சு, மறக்கிறதுக்குள்ள எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

வேலை என்னமோ சின்னது தான், நாலு டயரையும் இடம் மாத்தி மாட்டுறது, கடையில விட்டா டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள முடிச்சு வச்சிருப்பாங்க. ஆனா என் வண்டி டயர் தேஞ்சதுக்கு ஒரு காரணம் இல்ல, பல காரணம் இருந்துச்சு, எல்லாம் வேற வேற. கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டயரையும் அளந்து எழுதி வச்சதால தான் அது தெரிஞ்சுச்சு. எந்த சக்கரத்துல என்ன கோளாறுன்னு சொல்றதுக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்த டயர் தான், எடுத்து வேற சக்கரத்துல மாட்டிட்டா சாட்சி கலைஞ்சு போயிடும். நான் பாத்த வரைக்கும் கடையில யாரும் அளக்கிறதில்ல, கண்ணால ஒரு பார்வை, கையால ஒரு தடவல், "ஓரம் தின்னுருக்கு சார், அலைன்மென்ட் பாத்துடலாம்" அவ்ளோ தான். அலைன்மென்ட்னா சக்கரம் நிக்கிற கோணத்தைச் சரி பண்றது.

வண்டி 2015 ஸ்விஃப்ட் பெட்ரோல், முன் சக்கரம் இழுக்கிற வண்டி, ஸ்டீல் ரிம், 165/80 ஆர்14 டயர். நாலு டயரும் ஒரே நாள்ல வாங்கினது, 24,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, ஒருக்காகூட இடம் மாத்தினதில்ல. ஓட்டம் முக்கால்வாசி கோத்தகிரியிலிருந்து அரவேனு, குஞ்சப்பனை வழியா மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுறது, மிச்சம் கட்டபெட்டு வழியா ஊட்டி, எப்பவாவது பர்லியாறு வழியா குன்னூர் ஏறுறது, அதுல 14 கொண்டை ஊசி. மே மாச சீசன்ல ஏறுறது குன்னூர் வழி இறங்குறது கோத்தகிரி வழின்னு ஒருவழி ஆக்கிடுவாங்க, அப்ப வேற வழியே இல்லாம அந்த 14-ஐயும் ஏறித்தான் வீட்டுக்கு வரணும். சமவெளியிலயே ஓட்டுறவங்களுக்கு என் நம்பர் அப்படியே பொருந்தாதுங்கிறதுக்காக இதைச் சொல்றேன்.

முதல்ல சத்தம். 40-க்கு மேல போனா பின்னாடியிருந்து ஒரு ஊளை, வேகம் ஏற ஏற சுருதி ஏறும், 60-ல பேச்சுக் குரலையே அமுக்கிடும். வழக்கமா காட்டுற மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு பின் வலது வீல் பேரிங் போயிடுச்சுன்னு சொன்னார், பேரிங்கும் லேபரும் சேத்து 2,800 ஆகும்னார். பேரிங் சத்தமும் டயர் சத்தமும் கேக்கிறதுக்கு ஒண்ணு தான், அவர் சொன்னதுல தப்பு சொல்ல முடியாது. ஆனா பேரிங் போனா வளைவுல ஒரு பக்கம் எடை விழும்போது சத்தம் கூடும், மறுபக்கம் திரும்பினா குறையும். என் வண்டில எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே சத்தம். வீட்டுக்கு வந்து அந்த சக்கரத்தை ஜாக்கில தூக்கி, மேலயும் கீழயும் ரெண்டு கையால பிடிச்சு ஆட்டிப் பாத்தேன், ஆட்டமே இல்ல. சக்கரத்தைச் சுத்தி விட்டுட்டு காயில் ஸ்பிரிங்ல விரலை வச்சுப் பாத்தா கரகரப்பும் இல்ல. அப்படியே டயர் உள்பக்க ஓரத்துல கையை ஓட விட்டேன், பள்ளம் மேடு பள்ளம் மேடுன்னு தட்டுப்பட்டுச்சு. சரி, இது பேரிங் இல்லைன்னு பாதி நம்பிக்கை வந்துச்சு.

அதுக்கப்புறம் தான் சாமான் வாங்கினேன். ட்ரெட் ஆழம், அதாவது டயர் காடியோட ஆழம் அளக்கிற கேஜ் 180 ரூபா, டயல் வச்ச பிரஷர் கேஜ் 450, நட்டை சொன்ன அளவுக்கு மட்டும் முடுக்குற டார்க் ரெஞ்ச் 2,300, 19 எம்எம் நட்டுக்கான நீளமான சாக்கெட் 150. டார்க் ரெஞ்ச் மட்டும் தான் கை கடிச்சுச்சு, ஆனா அது ஆயுசுக்கும் கெடக்கும். ஆழம் பாக்கிற கேஜ் பிளாஸ்டிக் தான், வாங்கினதும் ஜன்னல் கண்ணாடி மேல அமுக்கி பூஜ்யம் காட்டுதான்னு பாருங்க, என்னோடது 0.2 கூடக் காட்டுச்சு, அதைக் கழிச்சு தான் கீழ இருக்கிற எல்லா அளவும்.

அளக்கிறது எப்படின்னா, ஒவ்வொரு டயருக்கும் வெளி ஓரம், நடு, உள் ஓரம்னு மூணு இடம், அந்த மூணையும் டயர் சுத்துல மூணு இடத்துல எடுத்து சராசரி போடணும். காடிக்குள்ள அங்கங்க ஒரு சின்ன ரப்பர் திட்டு குறுக்க இருக்கும், அது தேய்மானக் குறி, அது மேல கேஜ் ஊசி உக்காந்துடக் கூடாது. அந்தத் திட்டும் டயர் பட்டனும் (காடிகளுக்கு நடுவுல நிக்கிற ரப்பர் கட்டி) சமமாயிடுச்சுன்னா 1.6 மில்லிமீட்டர் தான் மிச்சம்னு அர்த்தம், சட்டப்படி அதோட டயர் கதை முடிஞ்சது. இதே மாடல் புது டயர் கடையில இருந்துச்சு, கேஜை வச்சுப் பாத்தேன், ஏழரை இருந்துச்சு.

என் டயர்ல வந்தது இது. முன் இடது: வெளி ஓரம் 3.4, நடு 4.7, உள் ஓரம் 4.5. முன் வலது: வெளி 2.8, நடு 4.6, உள் 4.3. பின் இடது: 5.6, 5.8, 5.7. பின் வலது: வெளி 5.7, நடு 5.8, உள் ஓரத்துல மட்டும் ஒரு பட்டன் 5.8 இருந்தா அடுத்தது 4.9, மறுபடி 5.8, இப்படியே சுத்து முழுக்க. ஊளை எங்கிருந்து வருதுன்னு இங்கயே பிடிபட்டுச்சு. இந்த மாதிரி பள்ளம் பள்ளமா தேயுறது பெரும்பாலும் ஷாக் அப்சார்பர் சோர்ந்து போனதால வரும், சக்கரம் ரோட்டுல ஒட்டி உருளாம துள்ளித் துள்ளி உருளும், துள்ளி விழுற இடத்துல தேயும். வீல் பேலன்ஸ் போனாலும், அதாவது சக்கரத்தோட எடை சுத்திலும் ஒரே மாதிரி இல்லேன்னாலும் வரலாம். குனிஞ்சு பாத்தா பின் வலது ஷாக் அப்சார்பர் உடம்பு பூரா எண்ணெய் வழிஞ்சு அதுல மண்ணு அப்பிக் கெடக்கு.

முன் டயர் ரெண்டும் வெளி ஓரம் தேஞ்சதுக்கு எல்லாரும் ஒரே வார்த்தை தான் சொல்வாங்க, அலைன்மென்ட். ஆனா மலையில ஓடுற முன் சக்கர வண்டி எதுல பாத்தாலும் கொஞ்சமாவது இந்த ஓரம் தேஞ்சிருக்கும். ஏறும்போது இழுக்கிறது அந்த ரெண்டு டயர், இறங்கும்போது எடை முழுக்க முன்னாடி சாஞ்சு பிரேக்கோட பெரும்பங்கைத் தாங்குறதும் அதே ரெண்டு டயர், கொண்டை ஊசியில ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா வெளிப்பக்க டயர் அதோட வெளி ஓரத்து மேல சாஞ்சு ரோட்டுல உரசிக்கிட்டே திரும்புறதும் அதே. பின் டயர் சும்மா பின்னாடி வருது. வலது முன் டயர் இடதை விட ஏன் அதிகம் தேஞ்சிருக்குன்னு கொஞ்சம் யோசிச்சேன். நாம இடது பக்கம் ஓட்டுறோம், அதனால இடது கொண்டை ஊசி நமக்கு உள்வளைவு, ரொம்ப ஒடுக்கமா திரும்பணும், அப்ப எடை விழுறது வலது முன் டயர்ல. வலது கொண்டை ஊசியில நாம வெளிப்பக்கமா அகலமா சுத்தி வர்றோம், இடது டயருக்கு அந்த அளவு அடி இல்ல. இது என் கணிப்பு தான், ஆனா இதே ரோட்டுல ஓடுற தெரிஞ்சவங்க வண்டி ரெண்டுல பாத்தேன், அதுலயும் வலது தான் கூடுதலா தேஞ்சிருந்துச்சு.

அப்ப அலைன்மென்ட்ல கோளாறே இல்லையான்னா, அதுக்கு விரல் தான் கேஜ். முன் டயர் மேல உள்ளங்கையை வச்சு வெளியிலிருந்து வண்டிக்கு உள்பக்கமா தடவுங்க, அப்புறம் உள்ளிருந்து வெளிய தடவுங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா டோ, அதாவது சக்கரம் உள்ளயோ வெளியவோ திரும்பியிருக்கிற அளவு, சரியா இருக்கு. என் வண்டில உள்ள தடவும்போது வழவழன்னு போச்சு, வெளிய இழுக்கும்போது ஒவ்வொரு பட்டன் விளிம்பும் விரலைப் பிடிச்சுச்சு. அப்படின்னா டோ-இன், அதாவது முன் சக்கரம் ரெண்டும் முன்பக்கம் ஒண்ணை ஒண்ணு பாத்து லேசா உள்ள திரும்பியிருக்கு. உள்ள தடவும்போது பிடிச்சு வெளிய வழவழன்னு வந்தா டோ-அவுட். கொண்டை ஊசித் தேய்மானத்துல இந்த விளிம்பு நடுப்பட்டன் வரைக்கும் வராது, ஓரம் மட்டும் உருண்டையா மழுங்கும். என் டயர்ல ஓரமும் மழுங்கியிருந்துச்சு, நடுப்பட்டன்லயும் விளிம்பு இருந்துச்சு. ரெண்டும் இருக்குன்னு அர்த்தம்.

இதோட காத்தும் சேந்துக்கிச்சு. காத்து கம்மியா இருந்தா ரெண்டு ஓரமும் தேயும், கூடுதலா இருந்தா நடு தேயும், இது எல்லாருக்கும் தெரியும். மலைக்காரங்களுக்கு இதுல இன்னொரு கணக்கு இருக்கு. மேட்டுப்பாளையத்துல காத்து அடிச்சுட்டு கோத்தகிரி ஏறினா வெளிக்காத்தோட அழுத்தம் குறையுறதால கேஜ்ல ரெண்டரை பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) கிட்ட கூடிக் காட்டும். அதே நேரம் குளிருக்கு 10 டிகிரி செல்சியஸுக்கு ஒன்றரை பிஎஸ்ஐ குறையும். கீழ 34 டிகிரி, மேல காலைல 10 டிகிரின்னா மூணரை போச்சு. கூடுறதும் குறையுறதும் கிட்டத்தட்ட கழிஞ்சு நிகரத்துல ஒரு பிஎஸ்ஐ தான் நஷ்டம். அதனால கீழ அடிச்சா மேல தப்பாப் போயிடும்னு சொல்றதுல பெரிசா விஷயம் இல்ல, டயர் ஆறியிருக்கும்போது அடிச்சிருந்தா. பிரச்சினை எங்கன்னா நாம காத்து அடிக்கிறது மலை இறங்கி முடிச்ச கையோட, பிரேக் சூடு, ரோட்டுச் சூடு எல்லாம் டயருக்குள்ள இருக்கும்போது. கூடவே நான் அடிக்கிற பங்க் மெஷின் 32 காட்டினா என் கேஜ்ல 29 தான் காட்டுது. மறுநாள் காலைல கோத்தகிரியில வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி பாத்தா 26, 27. டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதுல போட்டிருக்கிற அளவு ஆறின டயருக்கு, ஓடி வந்த டயருக்கு இல்ல. இப்ப கால்ல மிதிக்கிற பம்ப் ஒண்ணை வீட்ல வச்சிருக்கேன், காலைல நாமளே ரெண்டு மிதி மிதிச்சா போதும்.

அடுத்து மாத்துற வேலை. நம்ம ஊர்ல இதுக்கு மொத சவால் சமதளம். எங்க வீட்டு வாசல்ல ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்கினதும் ஜாக்கியோட தலை லேசா சாஞ்சுச்சு, அப்படியே இறக்கிட்டேன், வேண்டாத வேலை. பக்கத்துல தேயிலைக் கொழுந்து எடை போடுற செட்டு இருக்கு, சிமென்ட் தரை, ஞாயித்துக்கிழமை காலியாக் கெடக்கும், கேட்டதும் விட்டாங்க. பிக்கப் ஓட்டுற பக்கத்து வீட்டு அண்ணனும் சேந்துக்கிட்டார்.

யாரும் அதிகம் சொல்லாத ஒரு விஷயம், ஹேண்ட் பிரேக் பிடிக்கிறது பின் சக்கரம் ரெண்டை மட்டும் தான். முன் சக்கரத்தைத் தூக்கும்போது கியர்ல விட்டிருக்கேன்னு நம்பாதீங்க, ஒரு முன் சக்கரம் அந்தரத்துல இருந்தா அது சுத்திக்கும், தரையில இருக்கிறதும் உருள வழி கிடைச்சிடும், ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரன்ஷியல் வேலையே அது தான். அப்ப பிடிச்சு நிறுத்துறது ஹேண்ட் பிரேக் மட்டும். பின் சக்கரத்தைத் தூக்கினா ஹேண்ட் பிரேக்கோட பாதி பலம் போச்சு, அப்ப கியர் உதவும். எதைத் தூக்கினாலும் அதுக்கு எதிர்மூலை சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் முட்டு குடுத்துடணும், நான் சில்வர் ஓக் கட்டை ரெண்டு ஆப்பு மாதிரி செதுக்கி வச்சிருக்கேன். கழட்டின டயரை வண்டி அடில படுக்க வச்சிடுங்க, ஜாக்கி நழுவினாலும் வண்டி டயர் மேல தான் உக்காரும்.

நட்டு கழட்டுறது தான் அன்னைக்கு பெரிய வேலையா போச்சு. கடையில கடைசியா ஏர் கன் வச்சு முடுக்கியிருக்காங்க, வண்டியோட வந்த எல் ஸ்பேனர்ல ஏறி நின்னாலும் அசையல. அண்ணன் போய் தண்ணி டேங்க்கு வேலைக்கு வாங்கி மிச்சமான ஜிஐ பைப் துண்டு ஒண்ணு எடுத்துட்டு வந்தார், மூணு அடி இருக்கும், அதை ஸ்பேனர் பிடியில சொருகி அமுக்கினதும் "டக்"குன்னு விட்டுச்சு. நட்டை லூஸ் பண்றது சக்கரம் தரையில இருக்கும்போதே, கால் சுத்து மட்டும், அப்புறம் தான் ஜாக்கி. டார்க் ரெஞ்ச்சை கழட்ட உபயோகிக்காதீங்க, அதோட அளவு கெட்டுப்போகும். நட்டு எல்லாம் கழட்டியும் பின் சக்கரம் ரெண்டும் வரல, மூடுபனியும் ஈரமும் சேந்து ரிம்மும், அது உக்கார்ற ஹப்பும் துருவால ஒட்டிக்கிச்சு. டயர் உள்பக்கம் கட்டையை வச்சு இப்படி அப்படி தட்டி தட்டி எடுத்தோம். கம்பி பிரஷ்ல துருவைத் தேச்சுட்டு ஹப் முகத்துல மட்டும் லேசா கிரீஸ் தடவினேன். போல்ட்டு மரையில ஒரு சொட்டு படக்கூடாது, மரையில எண்ணெய்ப் பசை இருந்தா டார்க் ரெஞ்ச் காட்டுற அளவுக்கு மேலயே நட்டு முடுகிடும்.

இப்ப எந்த டயர் எங்க. முன் சக்கரம் இழுக்கிற வண்டிக்கு முன் டயர் ரெண்டும் நேரா அதே பக்கம் பின்னாடி போகணும், பின் டயர் ரெண்டும் குறுக்க மாறி முன்னாடி வரணும், பின் வலது முன் இடதுக்கு, பின் இடது முன் வலதுக்கு. டயர் பக்கவாட்டுல அம்புக்குறி போட்டிருந்தா பக்கம் மாத்தவே கூடாது, முன்ன பின்ன மட்டும் தான். எங்கிட்ட இருந்தது ஒரே ஜாக்கி, அதுக்கு ஸ்டெப்னியை இடம் பிடிக்க வச்சுக்கிட்டா போதும். பின் வலதைக் கழட்டி அங்க ஸ்டெப்னி. கழட்டினது முன் இடதுக்கு. அங்கிருந்து வந்தது பின் இடதுக்கு. அங்கிருந்து வந்தது முன் வலதுக்கு. அங்கிருந்து வந்தது மறுபடி பின் வலதுக்கு, ஸ்டெப்னி டிக்கிக்கு. அஞ்சு தடவை ஜாக்கி போடணும். ஸ்டெப்னியும் அதே அளவு அதே தேய்மானமா இருந்தா கடைசி மாத்து தேவையே இல்ல, ஸ்டெப்னி பின் வலதுலயே இருந்துக்கும், முன் வலது டயர் டிக்கிக்குப் போயிடும், நாலு தூக்குல அஞ்சு டயரும் சுழற்சியில வந்திடும். என் ஸ்டெப்னி வண்டியோட வந்தது, பக்கவாட்டுல 1415-னு போட்டிருக்கு, 2015-ம் வருஷம் 14-வது வாரம் செஞ்சது. பட்டன் முழுசா இருக்கு ஆனா ரப்பர் கிழடு, தேஞ்ச டயரோட ஒரே அச்சுல ஜோடி சேக்கவும் முடியாது. இடம் பிடிக்கிற வேலைக்கு மட்டும் தான் லாயக்கு.

நட்டு மாட்டும்போது கையால முடிஞ்ச வரைக்கும், வண்டியை இறக்கினதும் எதிரெதிரா முடுக்கு, கடைசில டார்க் ரெஞ்ச். என் வண்டி மேனுவல்ல 85 நியூட்டன் மீட்டர், உங்க வண்டிக்கு உங்க மேனுவல் பாத்துக்கோங்க. 50 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி வச்சுப் பாத்தேன், ரெண்டு நட்டு லேசா ஏறுச்சு.

ஒரு விஷயத்துல கொஞ்சம் தயங்கினேன். முன்னாடி தேஞ்ச டயர் இப்ப பின்னாடி போகுது, அதுல ஒண்ணோட ஓரம் 2.8. நல்ல டயர் பின்னாடி இருக்கணும்னு டயர் கம்பெனிக்காரங்க சொல்றதுக்கு காரணம் இருக்கு, ஈர ரோட்டுல முன் டயர் வழுக்கினா ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா பெரும்பாலும் பிடிச்சிடும், பின்னாடி வழுக்கினா வண்டி சுத்திடும். நான் மாத்தினது பிப்ரவரியில, வறண்ட காலம். நம்ம கிழக்குச் சரிவுல வடகிழக்குப் பருவமழை தான் வெளுத்து வாங்கும், அக்டோபர், நவம்பரா இருந்தா மாத்தியிருக்க மாட்டேன். 24,000 வரைக்கும் விட்டதால வந்த இக்கட்டு இது, 8,000-ல மாத்தியிருந்தா முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல அரை மில்லி, ஓரத்துல ஒரு மில்லி வித்தியாசம் தான் இருந்திருக்கும், யோசிக்கவே வேண்டியதில்ல.

மாத்தி முடிச்சு அரவேனு பக்கம் ஒரு ரவுண்டு போனோம். ஊளை இப்ப முன் இடதுலயிருந்து வருது, முன்னைவிட ஜோரா, காலுக்கடியிலயே. அண்ணன் "என்னப்பா சத்தம் கூடிப்போச்சு"ன்னார், எனக்கோ ஒரே சந்தோஷம். சத்தம் டயரோட சேந்து போச்சுன்னா பேரிங் நல்லா இருக்கு, 2,800 மிச்சம்.

அப்புறம் பின் ஷாக் அப்சார்பர் ரெண்டும் மாத்தினேன், ஒண்ணு மட்டும் தான் ஒழுகுச்சு ஆனா இதை ஜோடியா தான் மாத்தணும். சாமான் 3,200, லேபர் 700. அது முடிஞ்ச பிறகு தான் மேட்டுப்பாளையத்துல அலைன்மென்ட், இந்த வரிசை முக்கியம், சஸ்பென்ஷன்ல என்ன வேலை இருந்தாலும் முடிச்சுட்டு கடைசியா அலைன்மென்ட். ஸ்கிரீன்ல டோ சிவப்பு, உள்பக்கமா தான், விரல் சொன்னது சரி. ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற டை ராட்ல திருகி பச்சைக்குக் கொண்டு வந்தாங்க. அப்புறம் கடைக்காரர் ஆரம்பிச்சார், "ஏனுங்க, கேம்பரும் அவுட்டுங்க, அதான் ஓரம் திங்குது, ஒரு சைடுக்கு 1,200 தானுங்க." கேம்பர்னா முன்னாடியிருந்து பாத்தா சக்கரம் நிமிர்ந்து நிக்காம சாயுற அளவு. ஸ்கிரீனைத் திருப்பச் சொல்லி பாத்தேன், அது ரெண்டு பக்கமும் பச்சைல தான் இருக்கு. இந்த வண்டி மாதிரி முன்னாடி ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒண்ணா சேந்தது) வச்ச சின்னக் காருக்கு கேம்பர் அட்ஜஸ்ட்மென்ட் கம்பெனியிலேயே கிடையாது. கடையில செய்யுறது ஒண்ணு போல்ட்டை மாத்திப் போடுறது, இல்லேன்னா ஹைட்ராலிக் வச்சு வளைக்கிறது. அடிபட்டு வளைஞ்ச வண்டின்னா சரி, பச்சைல இருக்கிற வண்டியை எதுக்கு வளைக்கணும். "இருக்கட்டுங்க, மலை வண்டி, ஓரம் கொஞ்சம் தேயத்தான் செய்யும்"னு சொல்லிட்டேன். அவரும் விட்டுட்டார்.

கிளம்பி காரமடை ரோட்டுல 80 தொட்டதும் ஸ்டியரிங் நடுங்குச்சு. மலையில 80 எங்க போறது, அதனால அதுவரைக்கும் தெரியல. பின் டயர்ல பேலன்ஸ் இல்லாம இருந்தா பின்னாடி இருக்கும்போது கைக்குத் தெரியாது, முன்னாடி வந்ததும் ஸ்டியரிங் காட்டிக் குடுத்துடும். திரும்பி அதே கடைக்குப் போய் நாலுக்கும் பேலன்ஸ் போட்டேன், அந்தப் பள்ளம் விழுந்த டயருக்கு மட்டும் 35 கிராம் ஈயம் ஒட்டினாங்க. அலைன்மென்ட் 500, பேலன்ஸ் ஈயத்தோட 630. சாமான், ஷாக், கடை எல்லாம் சேத்து 8,110. இந்த அளவுல ஒரு புது டயரே நாலாயிரத்துக்கு மேல ஆகுது.

2,500 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி அளந்தேன். இப்ப முன் வலதுல இருக்கிற டயர் வெளி 5.3, நடு 5.5, உள் 5.5. பழைய வேகத்துல தேஞ்சிருந்தா வெளி ஓரம் அரை மில்லி போயிருக்கணும், 0.3 தான் போயிருக்கு, நடுவும் 0.3. கேஜ்லயே 0.1 முன்ன பின்ன வரும், அதனால இப்பவே குதிக்கிறதுக்கு இல்ல, ஆனா போற திசை சரி. பள்ளம் விழுந்த டயர்ல மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 0.9 இருந்தது 0.6 ஆயிருக்கு, முன்னாடி ஓடி ஓடி தானா சமமாகுது, கண்ணாடியை ஏத்தி விட்டா சத்தம் கேக்கிறதே இல்ல.

அடுத்த தடவைக்கு மாத்திக்கிட்டது: 5,000-க்கு ஒருக்கா அளவு, 8,000-க்கு ஒருக்கா இடம் மாத்து, அது மழைக்காலத்துல விழுந்தா மழை முடியுற வரைக்கும் தள்ளிப் போடு. நின்ன இடத்துல ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்கிறதையும் குறைச்சிருக்கேன், எங்க வாசல்ல வண்டியைத் திருப்ப ஒரு காலத்துல அது தான் பழக்கம், லேசா உருள விட்டு ஒடிச்சா அந்த ஓரம் தப்பிக்குது. புது டயர் வாங்கும்போது நாலுக்குப் பதிலா அஞ்சு வாங்கி ஸ்டெப்னியையும் சுழற்சியில சேத்துக்கப் போறேன்.

அண்ணன் இப்ப அவர் பிக்கப்புக்கும் இதே மாதிரி பாக்கலாம்ங்கிறார். அது பின் சக்கரம் இழுக்கிற வண்டி, அதுக்கு முறை தலைகீழ், பின் டயர் நேரா முன்னாடி வரணும், முன் டயர் குறுக்க மாறி பின்னாடி போகணும். எங்கிட்ட இருக்கிற ஜாக்கி அதுக்குத் தாங்காது, ரெண்டு டன் ட்ராலி ஜாக்கி விலை விசாரிச்சுக்கிட்டிருக்கோம். அளவு மட்டும் எடுத்தாச்சு: பின் ரெண்டும் நடுவுல 3.1, ஓரம் 4.4. காத்து கூடுதலா அடிச்சு ஓட்டுறார்.